ஆட்டுத்தோல் பூட்ஸ்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைச் சரிசெய்வது

டொரொன்டோவில் ஒரு செருப்புப் பழுதுபார்க்கும் கடையில் நான்கு குளிர்காலம் வேலை பார்த்தேன். ஜனவரி வந்துவிட்டால் ஆட்டுத்தோல் பூட்ஸ் கவுண்டருக்கு வராத நாளே இருக்காது. விறைத்துப் போனது, வெள்ளை பூத்தது, ஒரு பக்கமாகச் சாய்ந்தது, நாற்றம் பிடித்தது என்று ஒவ்வொருவரும் ஒன்றைக் கொண்டுவருவார்கள். பெரும்பாலும் பொருளைத்தான் குறை சொல்வார்கள். நான் பார்த்த வரையில் பொருளில் குறை இருந்தது கொஞ்சம்தான். சைஸைத் தப்பாக வாங்கியதும், நனைந்ததைச் சூட்டில் காயவைத்ததும்தான் முக்கால்வாசிக் காரணம்.

ஒரு விஷயத்தை முதலில் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். இந்தப் பூட்ஸில் லைனிங் என்று தனியாக ஒன்று கிடையாது. செம்மறியாட்டின் தோலை ரோமத்தோடு சேர்த்துப் பதனிட்டு, ரோமம் உள்ளேயும் சதைப்பக்கம் வெளியேயும் வருமாறு தைத்திருக்கிறார்கள். நாம் வெளியே தடவிப் பார்க்கும் மெத்தென்ற ஸ்வேட், ஆட்டின் உடம்பில் உட்பக்கமாக இருந்தது. ஆகவே வெளியே படும் தண்ணீர் ரோமத்தின் வேர் வரை போகும். உள்ளே ஊறும் வியர்வை வெளியே கறையாகத் தெரியும்.

உங்கள் பூட்ஸில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். சைஸ் பற்றிய முதல் இரண்டை மட்டும் எல்லோருமே படித்துவிடுங்கள்.

புதுப் பூட்ஸ் இறுக்கமாக இருக்கிறது

பெரும்பாலும் இது கோளாறே அல்ல. புது ரோமம் அடர்ந்து நிற்கும். சில வாரம் நடந்தால் படிந்து, உங்கள் காலின் வடிவத்துக்குக் குழிந்துவிடும். தோலும் அகலவாக்கில் நெகிழும். நீளவாக்கில் மட்டும் நெகிழாது, ஏனென்றால் தோலின் அடிவிளிம்பு சுற்றிலும் சோலோடு பிணைந்திருக்கிறது, சோல் நீளாது.

இந்த வித்தியாசத்தை வைத்தே சோதித்துவிடலாம். வெறுங்காலில் போட்டு எழுந்து நின்று, குதிகாலை நன்றாகப் பின்னுக்குத் தள்ளுங்கள். விரல்நுனி ரோமத்தைத் தொடுகிறது, பக்கங்களில் எல்லா இடத்திலும் அணைத்துப் பிடிக்கிறது, ஆனால் வலி இல்லை என்றால் அதுதான் உங்கள் சைஸ். விரலை மடக்கினால்தான் நிற்க முடிகிறது, அல்லது நகம் முன்பக்கத்தில் இடிக்கிறது என்றால் ஒரு சைஸ் சின்னது. எத்தனை மாதம் போட்டாலும் அது சரியாகாது, மாற்றிவிடுங்கள். இந்தச் சோதனையை வீட்டுக்குள் கம்பளத்தின் மேல் செய்யுங்கள். சோலில் தெருப் புழுதி பட்டுவிட்டால் கடைக்காரர் திருப்பி எடுப்பது சந்தேகம்.

நடக்கும்போது குதிகால் தூக்குகிறது

சைஸ் பெரிது. நான் கண்ட கோளாறுகளில் இதுதான் அதிகம், இதிலிருந்துதான் வேறு பல கோளாறுகளும் கிளைக்கின்றன.

அம்மா முதல்முறை இங்கே வந்தபோது எனக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது. கடையில் இருந்த பெண், தடித்த சாக்ஸ் போடுவார்கள், ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள் என்றார். எடுத்தோம். முதல் வாரம் சுகமாக இருந்தது. மூன்றாவது வாரம் அம்மா சொன்னார்: "கால் தனியா நடக்குதுப்பா, பூட்ஸ் தனியா நடக்குது." ரோமம் படிந்துவிட்டது, தோல் நெகிழ்ந்துவிட்டது. பெரிதாக வாங்கியது இன்னும் பெரிதாகிவிட்டது. பிப்ரவரியில் இரண்டு பூட்ஸும் உள்பக்கமாகச் சாய்ந்து, அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு.

மற்றக் குளிர்காலப் பூட்ஸுக்குச் சொல்லும் அறிவுரையை இதற்குச் சொல்லக் கூடாது. ஆட்டுத்தோல் பூட்ஸில் சாக்ஸின் வேலையை ரோமமே செய்கிறது. வெறுங்காலிலோ மெல்லிய சாக்ஸிலோ போடும் பொருள் இது, அளவும் அப்படித்தான் எடுக்க வேண்டும்.

அளவு எடுக்கும் முறை: மாலையில் எடுங்கள், பகலெல்லாம் நடந்த கால் காலையைவிடச் சற்றுப் பெருத்திருக்கும். தரையில் காகிதம் விரித்து, குதிகால் சுவரைத் தொடும்படி, முழு எடையையும் போட்டு நில்லுங்கள். மிக நீளமான விரலின் நுனியில் கோடு போடுங்கள். சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாவது விரல் நீளமாக இருக்கும், அதைக் கவனியுங்கள். இரண்டு காலையும் அளந்து, பெரிய காலின் சென்டிமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியின் மேல் இருக்கும் எண்ணைவிட இந்த சென்டிமீட்டரைத்தான் நம்ப வேண்டும்.

எண்ணை ஏன் நம்பக் கூடாது என்றால், நாட்டுக்கு நாடு அது மாறுகிறது. கனடாவும் அமெரிக்காவும் ஒரே முறை. ஆஸ்திரேலியாவில் ஆண்களுக்கு பிரிட்டிஷ் எண்கள், அதனால் அங்கே ஆண்களின் 8 இங்கே 9. பெண்களின் ஆஸ்திரேலிய எண் இங்குள்ளதோடு ஏறத்தாழ ஒத்துப்போகும். பிரிட்டனில் பெண்களின் 5 இங்கே சுமார் 7. சிட்னியில் இருக்கும் அண்ணன் அன்போடு வாங்கி அனுப்பும் பூட்ஸ் பொருந்தாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். இன்னொன்றும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 'அக் பூட்ஸ்' என்பது பொதுப்பெயர், சின்னப் பட்டறைகள்கூட அந்தப் பெயரில் செய்து விற்கின்றன. அமெரிக்காவிலோ அதே சொல் டெக்கர்ஸ் நிறுவனத்தின் வணிகக்குறி. ஆகவே பெட்டியில் ஒரே பெயர் இருக்கிறது என்பதற்காக ஒரே அளவு அட்டவணை என்று நினைத்துவிடாதீர்கள்.

பல ஆட்டுத்தோல் பூட்ஸ் முழு எண்களில் மட்டுமே வரும். ஏழரை போடுபவர் என்ன செய்வது? சாதாரணப் பாதம் என்றால் கீழே இறங்கி 7 எடுக்கச் சொல்வேன், நெகிழ்வது உங்களுக்குச் சாதகமாக வேலை செய்யும். அகலமான பாதம், அல்லது பாதத்தின் மேற்பக்கம் உயர்ந்து இருப்பவர்கள் 8 எடுத்துப் பாருங்கள்.

சரி, பெரிதாக வாங்கியாகிவிட்டது, இனி மாற்றவும் முடியாது என்றால்: உள்ளே இருக்கும் இன்சோலின் மேல் இன்னொரு ஆட்டுத்தோல் இன்சோல் போடுங்கள். உள்ளிடம் குறைந்து கால் பிடிப்பாக நிற்கும். அம்மாவின் பூட்ஸை அப்படித்தான் ஓரளவு மீட்டோம். அரை சைஸ் தப்பை இது சரிசெய்யும், ஒரு முழு சைஸை முழுதாகச் சரிசெய்யாது.

பூட்ஸ் உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்கிறது

பின்புறத்திலிருந்து பாருங்கள். குதிகால் பகுதி சோலின் நடுவில் நிற்காமல் ஓரத்தைத் தாண்டி வழிந்தால், முதல் சந்தேகம் சைஸ் மேல்தான். இந்தப் பூட்ஸின் குதிகால் பகுதி மெத்தென்று இருக்கும், தோல் ஷூவில் இருப்பதுபோல அழுத்தமான தாங்கல் பலவற்றில் இல்லை. கால் உள்ளே நகர இடம் இருந்தால் தோல் அந்தப் பக்கமே போகும்.

சைஸ் சரியாக இருந்தும் சாய்ந்தால் உங்கள் நடையே அப்படி இருக்கலாம். பழைய செருப்பைத் திருப்பிப் பாருங்கள். அதிலும் அதே பக்கம் தேய்ந்திருக்கும். குதிகாலைக் கிண்ணம்போலப் பிடிக்கும் இன்சோல் ஒன்றை ஆரம்பத்திலேயே போட்டுவிடுங்கள். ஒருமுறை சாய்ந்து மடிந்த தோலை நிமிர்த்திவைத்தாலும் நடந்தால் மறுபடி அங்கேயே போகும்.

அடிப்பக்கம் வெள்ளையாகக் கோடு விழுந்திருக்கிறது

முதலில் அது என்ன வெள்ளை என்று பாருங்கள். சோலுக்கு மேலே அலை அடித்த மாதிரி வரிசையாக ஓடினால் தெரு உப்பு. அங்கங்கே புள்ளியாக, பஞ்சுபோல, மக்கிய வாசனையோடு இருந்தால் பூசணம், அது கீழே தனியாக இருக்கிறது. சந்தேகம் வந்தால் ஈரவிரலால் தொட்டுப் பாருங்கள். உப்பு கரைந்து மறைந்து, காய்ந்ததும் திரும்ப வரும்.

பனியை உருக்கத் தெருவில் கொட்டும் உப்பு, உருகிய சேற்றில் கரைந்து தோலுக்குள் ஏறுகிறது. தண்ணீர் ஆவியானதும் ஈரம் எட்டிய எல்லையில் உப்பு மட்டும் தங்கிவிடுகிறது. அப்படியே விட்டால் தோலை வறட்டி, பிறகு வெடிக்கவைக்கும். அன்றைக்கே துடைத்தால் ஐந்து நிமிட வேலை. மார்ச் வரை விட்டால் பாதிதான் போகும்.

மண்ணையும் தூசியையும் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். வெள்ளை வினிகரும் குளிர்ந்த தண்ணீரும் சமபங்கு கலந்து, வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, கோட்டின் மேல் ஒற்றியெடுங்கள். தேய்க்க வேண்டாம். துணியில் உப்பு ஏற ஏறத் துணியைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

பலர் தவறவிடுவது இதற்கு அடுத்த படி. கறை இருந்த இடம் மட்டும் ஈரமாக இருந்தால், காயும்போது அந்த ஈரத்தின் ஓரத்தில் புதுக் கோடு விழும். அதனால் வெறும் தண்ணீரில் பிழிந்த இன்னொரு துணியால் அந்தப் பூட்ஸின் வெளிப்பக்கம் முழுவதையும், தையலிலிருந்து தையல் வரை, லேசாக ஒரே சீராக ஈரப்படுத்துங்கள். எல்லாம் ஒன்றாகக் காயும்போது கோடு விழாது. மழைத்துளிக் கறைக்கும் இதே வைத்தியம்தான்.

வினிகரைத் தோல் தாங்கும், ஏனென்றால் பதனிட்ட தோல் சற்று அமிலத்தன்மை உள்ளது. துணி சோப்பும் சோடா கரைத்த தண்ணீரும் காரம், அவற்றைத் தோல் தாங்காது.

முழுக்க நனைந்துவிட்டது

நாம் பனிக்காலப் பூட்ஸ் என்று நினைத்து வாங்குகிறோம். ஆனால் இது ஆஸ்திரேலியாவில் ஆடு வளர்க்கும் நாட்டுப்புறத்திலிருந்து கடற்கரைக்கு வந்த பொருள். குளிர்ந்த கடலிலிருந்து கரையேறிய அலைச்சறுக்கு ஆட்கள் வெறுங்காலில் நுழைத்துக்கொண்டார்கள். 1978இல் பிரையன் ஸ்மித் என்ற ஆஸ்திரேலியர் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோய் விற்கத் தொடங்கியபோதும் முதலில் போட்டவர்கள் அவர்கள்தான். காய்ந்த குளிருக்கு இது அருமையான பொருள். உருகிய பனிச்சேற்றில் நடப்பதற்குச் செய்யப்படவில்லை.

நனைந்தால்: தண்ணீரைத் துணியால் ஒற்றியெடுத்து, அச்சில்லாத வெள்ளைக் காகிதத்தையோ பழைய துவாலையையோ உள்ளே திணித்து வடிவத்தை நிமிர்த்துங்கள். காற்றோட்டமுள்ள நிழலில் நிறுத்தி, முதல் நாள் சில மணிக்கொருமுறை காகிதத்தை மாற்றுங்கள். இரண்டு மூன்று நாள் ஆகும். அச்சடித்த செய்தித்தாள் வேண்டாம், ஈரத்தில் மை ரோமத்தில் ஒட்டலாம்.

ஹீட்டர் துவாரத்தின் மேல் வைக்காதீர்கள். ஹேர் டிரையர் பிடிக்காதீர்கள். துணி டிரையருக்குள் போடவே போடாதீர்கள். தோல் என்பது கொலாஜன் என்ற புரத இழைகளின் பின்னல். காய்ந்த தோல் தாங்கும் சூட்டை ஈரத்தோல் தாங்காது. பதனிடாத தோல், ஈரமாக இருக்கும்போது 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே சுருங்க ஆரம்பித்துவிடும். பதனிட்டது அதைவிடத் தாங்கும் என்றாலும், அவசரச் சூட்டில் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி அட்டைபோல ஆகிவிடும்.

காய்ந்தபின் அட்டைபோல விறைத்துவிட்டது

கையால் மடக்கிப் பாருங்கள். விறைப்பு மட்டும்தான், சைஸ் குறையவில்லை என்றால் நம்பிக்கை உண்டு. லேசான ஈரத்துணியால் முழுதும் துடைத்து, தோலை இரண்டு கைகளாலும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நெகிழ்த்துங்கள். பாதி காய்ந்ததும் திரும்ப இழுங்கள். முழுக்கக் காயும் வரை இடையிடையே இதைச் செய்ய வேண்டும், பொறுமை வேண்டிய வேலை. ஒட்டிய இழைகள் பிரிந்துவரும். கடைசியில் ஸ்வேட் பிரஷ்ஷால் ஒரே திசையில் வாரிவிடுங்கள். தோல் சுருங்கி, தையல் கோணலாகி, கால் நுழையவில்லை என்றால் அதைத் திருப்ப வழியில்லை. நான் வேலை பார்த்த கடையில் அப்படிப்பட்டதைக் காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

நாற்றம்

நனைந்தபோது ஆட்டு வாசனை வந்தால் பயப்படாதீர்கள், காய்ந்ததும் போய்விடும். காய்ந்த பூட்ஸிலும் புளித்த நாற்றம் வந்தால் வியர்வையில் வளர்ந்த பாக்டீரியா.

கம்பளி ரோமம் தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை ஈரத்தை வாங்கியும் தொட்டால் ஈரம் தெரியாது. அதுதான் அதன் பெருமை, அதுவே இங்கே வம்பு. உள்ளே ஈரம் இருப்பது தெரியாமல் மறுநாளும் போட்டுக்கொள்கிறோம். ஒருநாள் போட்டால் ஒருநாள் ஓய்வு கொடுங்கள், பாதி நாற்றம் அதிலேயே போய்விடும். மீதிக்கு, சோளமாவும் சமையல் சோடாவும் இரண்டிரண்டு தேக்கரண்டி கலந்து, நன்றாகக் காய்ந்த பூட்ஸுக்குள் தூவிக் குலுக்கி, இரவு முழுதும் வையுங்கள். காலையில் கவிழ்த்துத் தட்டி, வாக்குவம் குழாயால் மிச்சத்தையும் எடுத்துவிடுங்கள். சோடா உள்ளே தங்கி ஈரத்தோடு சேர்ந்தால் முன்னே சொன்ன காரக் கெடுதல்தான்.

அதற்கும் போகாவிட்டால் கம்பளிக்கென்றே விற்கும் மென்மையான திரவ சோப்பைக் குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் கலந்து, துணியால் ரோமத்தை மட்டும் துடைத்து, நனைந்ததைக் காயவைக்கும் முறையில் காயவையுங்கள். துணி துவைக்கும் சாதாரண சோப்புகள் பலவற்றில் புரதத்தைக் கரைக்கும் என்சைம் இருக்கிறது. ரத்தக்கறையைத் தின்னும் அது ரோமத்தையும் தோலையும் தின்னும், இரண்டுமே புரதம்தானே. வாஷிங் மெஷின் இன்னும் மோசம். சூடும் உலுக்கலும் சேர்ந்தால் ரோம இழையின் செதில்கள் ஒன்றோடொன்று கொக்கிபோல மாட்டிக்கொள்ளும்.

உள்ளே ரோமம் கட்டிக்கொண்டது, அல்லது வழுக்கை விழுந்தது

கட்டிக்கொண்டதை வாரலாம். நாய் பூனைக்கு வாரும் மெல்லிய கம்பி பிரஷ் போதும். நன்றாகக் காய்ந்திருக்கும்போது, நுனியிலிருந்து வேரை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வாருங்கள். ஈரத்தில் வாரினால் பிய்ந்துவரும்.

முன்பாதத்தின் அடியில் வழுக்கை விழுந்துவிட்டால் ரோமம் திரும்ப முளைக்காது. தேய்வது பெரும்பாலும் இன்சோல்தான், அதை மட்டும் மாற்றினால் போதும். வாங்கும்போது ரோமத்தைப் பிரித்து வேரைப் பாருங்கள். தோலிலிருந்தே முளைத்திருந்தால் ஆட்டுத்தோல். நெய்த துணி தெரிந்தால், அது துணியில் பதித்த கம்பளியோ செயற்கை இழையோ.

எண்ணெய்க் கறை

தண்ணீர் வைக்காதீர்கள். உடனே சோளமாவைக் கொட்டி லேசாக அழுத்தி, மறுநாள் பிரஷ் போடுங்கள். தேவையானால் இன்னொரு இரவு. கறுத்த உரசல் தடங்களைப் பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் அழிக்கலாம்.

பூசணமும் பூச்சி அரிப்பும்

இரண்டும் கோடையில் வருவது, நாம் நவம்பரில்தான் பார்ப்போம். பூசணத்தை வீட்டுக்கு வெளியே வைத்து, மூக்கை மூடிக்கொண்டு, காய்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். பிறகு வினிகர்த் தண்ணீரால் துடைத்து நிழலில் காயவையுங்கள். ஊருக்குப் போகும்போது சென்னையிலோ கொழும்பிலோ இதை விட்டுவிட்டு வந்தால், அந்தப் புழுக்கத்தில் பூசணம் பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ரோமம் வட்டம் வட்டமாக அரிபட்டு, மணல்போலத் துகள் கிடந்தால் அந்துப்பூச்சியின் புழு. துலக்கி, பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீஸரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையை உடனே திறக்காமல், அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் ரோமத்தில் பனித்துளி படியும். பட்டுப்புடவைப் பெட்டியில் போடும் அந்துருண்டையை இதற்குள் போட வேண்டாம், அந்த வாடை கம்பளியை விட்டுப் போகவே போகாது. வியர்வைக் கறை உள்ள ரோமத்தைத்தான் புழு தேடி வரும், ஆகவே மார்ச்சில் சுத்தம் செய்து, காகிதம் திணித்து, அட்டைப்பெட்டியில் நிறுத்தி வையுங்கள்.

பனிக்கட்டியில் வழுக்குகிறது

சோலின் வடிவமைப்பே அப்படி. கண்ணாடிபோல உறைந்த தெருவுக்கு இதைப் போடாதீர்கள், முக்கியமாக வயதானவர்களுக்குப் போட்டுவிடாதீர்கள். ஆழமான பள்ளங்கள் உள்ள ரப்பர் சோல் பூட்ஸ் ஒன்று வாசலில் தனியாக இருக்கட்டும்.

இத்தனையும் செய்தும் கால் குளிர்கிறது

பூட்ஸைக் கழற்றி, சாக்ஸைப் பாருங்கள். தடித்த சாக்ஸ் போட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் கால் மணிநேரம் நடந்து பாருங்கள். சூட்டைப் பிடித்துவைப்பது ரோமங்களுக்கு இடையில் நிற்கும் காற்று; சாக்ஸ் அதை நசுக்கி வெளியேற்றிவிடுகிறது. அப்படியும் குளிர்ந்தால் இன்சோலை வெளியே எடுத்து விரலால் அழுத்துங்கள். அழுத்திய இடம் எழும்பி வரவில்லை என்றால் ரோமம் தேய்ந்துவிட்டது, புது இன்சோல் போட வேண்டிய நேரம். வாங்கும்போது பாத அளவுக் காகிதத்தைக் கையோடு கொண்டுபோங்கள். கொஞ்சம் பெரிதாக எடுத்துக் கத்தரியால் வெட்டிக்கொள்ளலாம். தோல்பக்கத்திலிருந்து வெட்டுங்கள், ரோமம் குட்டையாகாது.